தட்டுக்கு அடியில் ஒரு நூறு

"இது செல்லுமா சார்?"

மூன்றாம் கவுன்ட்டரின் கண்ணாடி இடுக்கு வழியாக, நாலாக மடித்த நூறு நோட்டு ஒன்று உள்ளே வந்தது. கேஷியர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை. அந்த மடிப்பு அவருடைய சொந்த மடிப்பு. நேற்று மாலை நாலே முக்காலுக்குக் காபித் தட்டுக்கு அடியில் அவரே தன் கையால் வைத்தது.

மெல்ல நிமிர்ந்தார். நெட்டையான ஆள், காதில் ஒரு பென்சில். நேற்று "சர்க்கரை கம்மியா சார்?" என்று கேட்டுக் காபி கொண்டுவந்த அதே சர்வர்தான்.

இருபத்தாறு வருட சர்வீஸில் கேஷியர் எத்தனையோ கள்ள நோட்டைப் பிடித்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார். கிளையில் அவருக்கு இருந்த மரியாதையே அதனால்தான். ஆனால் நோட்டைப் பிடிப்பவனும் அதைக் கொடுத்தவனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

வினையே ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு முன், கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டுவதற்காகத் தலைமை அலுவலகம் ஐம்பது மாதிரி நோட்டுகளை அனுப்பியிருந்தது. எல்லாம் நூறு. பார்வைக்கு அசல். நீர்க்குறி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எறும்பு ஊர்ந்தது போல 'மாதிரி' என்று எழுதியிருக்கும். வரிசை எண்ணுக்குப் பதில் வெறும் சைபர்கள். வகுப்பு முடிந்ததும் எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. "ஐம்பது மாதிரி நோட்டுகளும் என் முன்னிலையில் எரிக்கப்பட்டன" என்று கேஷியர் கையெழுத்தும் போட்டார்.

எரிக்கத்தான் இல்லை. காகிதமே ஆனாலும் நூறு நூறுதானே என்று அவருக்குக் கை வரவில்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதரிடம் தீப்பெட்டியைக் கொடுத்து நோட்டை எரி என்றால் எரித்துவிடுவாரா என்ன. கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிறகுதான் அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்தார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் 'மாதிரி' உள்பக்கம் போகும்படி ஒரு நோட்டை நாலாக மடித்து, கால் பங்கு வெளியே தெரியும்படி தட்டுக்கு அடியில் செருகுவார். நோட்டின் நுனியைப் பார்த்ததுமே சர்வர் ஓடிவந்து நாற்காலியை இழுப்பார், கதவைத் திறப்பார், குனிந்து கும்பிடுவார். அவர் அதைப் பிரித்துப் பார்க்கும் நேரத்தில் கேஷியர் தெருமுனையைத் தாண்டியிருப்பார். ஒரு ஓட்டலுக்கு ஒரு முறைதான் என்பது அவருடைய கொள்கை. இதுவரை பன்னிரண்டு ஓட்டல், பன்னிரண்டு நோட்டு.

மனைவியிடம் இதைச் சாதனையாகவே சொல்லியிருந்தார்.

"டிப்ஸ்ங்கறது சட்டப்படி கடன் இல்லை. கொடுக்கலைன்னா எவனும் கேஸ் போட முடியாது. கொடுக்கவே வேண்டாத ஒண்ணைக் கொடுக்காம இருந்தா அது எப்படித் தப்பாகும்?"

"அப்ப சும்மா எழுந்து வந்துட வேண்டியதுதானே," என்றாள் மனைவி, வலது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு. நாலு மாதமாக அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வேர் வரைக்கும் சுத்தம் செய்து மூடி போட வேண்டும் என்று பல் டாக்டர் ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் கேஷியருக்குத் தன் பல்லே வலித்தது. கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தார், சின்ன பாட்டில்.

"சும்மா வந்தா அவன் மூஞ்சி சுருங்கிப்போகும். இப்பப் பாரு, ரெண்டு நிமிஷம் சந்தோஷமா இருக்கான். அந்தச் சந்தோஷம் நிஜம்தானே? நோட்டுதான் போலி. மனசு அசல்."

"உங்க மனசைத்தான் முதல்ல வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் தைலத்தைத் தொட்டுப் பல்லில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த அசல் மனசுக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். கள்ள நோட்டு கவுன்ட்டருக்கு வந்தால் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே சைபர்களைப் பார்த்த உடனே இது எந்தக் கிளைக்குப் போன மாதிரி நோட்டு, எரித்ததாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று தேடுவார்கள். இரண்டு மாதத்தில் தலைமைக் கேஷியர் ஓய்வு பெறுகிறார், அடுத்தது இவர்தான் என்று கிளையே பேசிக்கொண்டிருந்தது. இது மட்டும் வெளியே வந்தால் பதவியும் இல்லை, பென்ஷனும் இல்லை. நோட்டு எண்ணின கையால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"யார் கொடுத்தது இதை?" என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

"டிப்ஸ் சார். கூட்ட நேரம், முகம் ஞாபகம் இல்லை. மளிகைக் கடையில நீட்டினேன், எல்லார் முன்னாடியும் என்னைத் திருடன் மாதிரி பார்த்தாங்க. இப்படி டிப்ஸ் வெச்சா என்ன சார் தண்டனை?"

தண்டனை கேஷியரின் தலைக்கு நேர் பின்னால், சுவரில், பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

"அவர் தெரியாம வெச்சிருக்கலாம்," என்றார் கேஷியர்.

"எழுத்து உள்ளே போற மாதிரி மடிச்சிருக்கார் சார். தெரியாம வெக்கறவங்க இவ்வளவு சிரத்தையா மடிப்பாங்களா? வேணும்னா மேனேஜரையே கேட்டுடறேன்."

"அவர் எதுக்கு? நோட்டு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மங்கியிருக்கு, அவ்வளவுதான். நானே மாத்தித் தர்றேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு அசல் நூறை எடுத்து இடுக்கு வழியாகத் தள்ளினார். பிரசவ வலி என்பது என்ன என்று அப்போது அவருக்கு ஓரளவு புரிந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் சார்," என்று பென்சில்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை அந்த ஒரு நோட்டையும் பாக்கியிருந்த முப்பத்தெட்டையும் மனைவியிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் எரிச்சிடு. ஒண்ணு மிஞ்சக் கூடாது. என்னால பார்க்க முடியாது."

"எந்த ஓட்டல்?" என்று கேட்டாள் மனைவி.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, மாடிப்படிக்குக் கீழே இருக்கே, அது. எதுக்குக் கேட்கறே?"

"சும்மாதான்," என்றாள். மறுநாள் காலை ஒரு தட்டு நிறையச் சாம்பலைக் கொண்டுவந்து காட்டினாள். கேஷியருக்கு நெஞ்சு லேசானது. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் சாம்பலாகக் கிடக்கிறதே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மூன்றாம் நாள் பென்சில்காரர் மறுபடியும் வந்தார். கையில் இரண்டு நோட்டு.

"எங்க சர்வர் சங்கத்துல சொன்னேன் சார், மூணாம் கவுன்ட்டர்ல தங்கமான மனுஷர் ஒருத்தர் இருக்கார்னு. வேற ரெண்டு ஓட்டல்லயும் எவனோ இதையே வெச்சுட்டுப் போயிருக்கான். பாவம், அவங்களுக்கு வர நேரம் இல்லை, என்கிட்ட கொடுத்துவிட்டாங்க."

கேஷியர் நோட்டை வாங்கினார். அதில் லேசாகக் கிராம்பு வாசனை அடித்தது. ஓட்டல் சமையலறையில் கிடந்த நோட்டு வேறு எப்படி மணக்கும் என்று எண்ணிக்கொண்டு, இருநூறு எடுத்துக் கொடுத்தார்.

கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. வெளியே போனது பன்னிரண்டு. பன்னிரண்டும் வந்துவிட்டால் சனி விட்டது. காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்தார். வங்கியில் கிழித்தால் கேமராவில் விழும் என்பதால், வாங்கிய நோட்டைக் காலுறைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பார். அவள் எரிப்பாள். காலையில் சாம்பலைக் காட்டுவாள். குடும்பம் என்றால் இப்படி ஒத்துழைப்பு வேண்டும் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாவது நோட்டு வந்த அன்று கேஷியர் தனக்குத்தானே ஒரு காபி வாங்கிக் குடித்தார். டிப்ஸ் வைக்கவில்லை.

மறுநாள் பதின்மூன்றாவது வந்தது.

"எத்தனைதான்யா இருக்கு?" என்றார் கேஷியர், குரலைத் தாழ்த்தி.

"அள்ள அள்ள வருது சார். வெச்ச பாவி எத்தனை ஓட்டல்ல சாப்பிட்டானோ. அவனுக்குச் சோறு செரிக்குமா சார்?"

கேஷியருக்கு அன்றைக்கு மதியச் சோறு செரிக்கவில்லை. பன்னிரண்டுதான் வெளியே போனது, பாக்கி எல்லாம் சாம்பல். அப்படியானால் யாரோ தன்னுடைய நோட்டைப் பார்த்து நோட்டு அடிக்கிறான். கள்ள நோட்டுக்கே கள்ள நோட்டு. உலகத்தில் நாணயமே செத்துவிட்டது என்று மனம் கொதித்தார். போலீசுக்குப் போகலாம் என்றால், முதல் நோட்டு யாருடையது என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு நூறு நூறாகக் கொடுத்தார்.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. தோள்வலி என்று சொல்லி ஐந்தாம் கவுன்ட்டருக்கு மாறினார். பென்சில்காரர் மூன்றாம் கவுன்ட்டர் காலியாக இருந்தும் ஐந்தாம் கவுன்ட்டர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். "எனக்கு அந்த சார்கிட்டதான் கொடுக்கணும்" என்று அவர் சொன்னதைக் கிளையே கேட்டது.

அடுத்து, காய்ச்சல் என்று லீவு போட்டார். பத்தரை மணிக்கு வங்கிக் காவலாளி போன் செய்தார்.

"சார், உங்க பென்சில் ஆள் வந்திருக்கார். நீங்க இல்லைன்னதும் மேனேஜரைப் பார்க்கணுங்கறார். அனுப்பட்டுமா?"

"பிடிச்சு வை. இதோ வந்துட்டேன்," என்றார் கேஷியர். வீட்டுச் செருப்போடும் கலைந்த தலையோடும் டாக்சி பிடித்து ஓடிவந்து, வாசலிலேயே வைத்து முந்நூறைக் கொடுத்தார். டாக்சிக்குத் தனி. இதை மேனேஜர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு அழைப்பு வந்தது. மேசை மேல் கம்ப்யூட்டர். திரையில் கேஷியரின் கை சட்டைப் பைக்குள் போவதும் வருவதும் ஓடிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க. அது உங்க சொந்தப் பணம்தானே?"

"ஆமா சார்," என்றார் கேஷியர். கவுன்ட்டரில் சொந்தப் பணத்தைத் தொடுவதே விதிமீறல்.

"அந்தச் சர்வர் கொண்டு வர்ற நோட்டை நீங்க கல்லாவுல சேர்க்கலை. ஒரு மாசமாப் பார்க்கறேன். மங்கின நோட்டு, கிழிஞ்ச நோட்டு. முறைப்படி மாத்தப் போனா அவங்களுக்கு நாள்கணக்கா இழுக்கும். அதனால அதை நீங்களே வாங்கிக்கிட்டு சொந்தக் காசைத் தர்றீங்க. சரியா?"

மூழ்குகிறவனுக்குக் கயிறு கிடைத்தால் அது யாருடைய கயிறு என்றா பார்ப்பான்? "சரி சார்," என்றார் கேஷியர்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காய்ச்சலோட ஓடி வந்தீங்க. நான் பார்த்தேன். உங்களைக் கஞ்சன்னு பேசினவங்கள்ல நானும் ஒருத்தன். மன்னிச்சிடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். மாலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்லி, 'வள்ளல்' என்று ஒரு பட்டத்தையும் கொடுத்தார். பட்டம் வந்ததும் வசூல் வந்தது. காவலாளி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்டார். துப்புரவு செய்யும் அம்மா மூக்குக்கண்ணாடிக்குக் கேட்டார். நாலாம் கவுன்ட்டர் பெண் அநாதை இல்ல ரசீதுப் புத்தகத்தை நீட்டி, "உங்க பேரை முதல்ல எழுதினாத்தான் சார் மத்தவங்க எழுதுவாங்க" என்றாள். வள்ளல் இல்லை என்று சொல்ல முடியுமா? எல்லாருக்கும் கொடுத்தார். இராத்தூக்கம் போனது.

இதற்கு நடுவே பென்சில்காரர் வாரத்துக்கு நாலு தடவை தவறாமல் வந்துகொண்டிருந்தார். முப்பது, நாற்பது என்று காலண்டரில் கோடுகள் ஏறின. ஐம்பத்தோராவது நோட்டு வந்த அன்று கேஷியர் கோடுகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். தலைமை அலுவலகம் அனுப்பியதே மொத்தம் ஐம்பதுதான். ஆக, நோட்டு அடிக்கிறார்கள் என்பது நிச்சயம். இன்னொன்றையும் கவனித்தார். முன்பு வந்த நோட்டுகளில் இருந்த கிராம்பு வாசனை சில வாரமாக இல்லை. கும்பல் அச்சகத்தை மாற்றிவிட்டது என்று முடிவு கட்டினார். இருபத்தாறு வருட அனுபவம் வீண்போகுமா?

வீட்டில் மனைவி மட்டும் நன்றாக இருந்தாள். ஒரு நாள் அவள் வலது பக்கமாகவே வறுத்த கடலையைக் கடித்து மெல்வதைப் பார்த்தார்.

"பல்லு?"

"மூடி போட்டாச்சு. டாக்டர் தவணை வாங்கிக்கிட்டார்."

"தவணைக்கு ஏது பணம்?"

"கொஞ்சம் கொஞ்சமா மிச்சம் பிடிச்சேன். எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

கேஷியருக்கு அந்த ஒரு நாள் மட்டும் மனம் குளிர்ந்தது. தன் பையிலிருந்து ஒரு காசு போகாமல் ஒரு காரியம் முடிந்ததே என்று அவளைத் தட்டிக் கொடுத்தார்.

பதவி உயர்வு உத்தரவு வந்தது. தலைமைக் கேஷியர். காரணம் என்ற இடத்தில் 'வாடிக்கையாளர் மீதான தன்னலமற்ற அக்கறை' என்று எழுதியிருந்தது. ஊதிய உயர்வைக் கணக்குப் போட்டார். இத்தனை நாள் பென்சில்காரருக்கும் வள்ளல் பட்டத்துக்கும் கொடுத்ததை எடுக்கவே இரண்டு வருடம் ஆகும். ஆனாலும் பிழைத்தோம். உள்ளே போனால் பெட்டகச் சாவிதான் வேலை. கவுன்ட்டரும் கிடையாது, கண்ணாடி இடுக்கும் கிடையாது.

"பார்ட்டி எங்க வெச்சிருக்கேன் தெரியுமா?" என்றார் மேனேஜர். "உங்க பென்சில்காரர் ஓட்டல்லதான். அதுதானே பொருத்தம்."

கிளையில் இருந்த எட்டுப் பேரும் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே அதே மூலை மேசை. கேஷியர் அன்று நோட்டு வைத்த அதே இடம். பென்சில்காரர் ஒருவர்விடாமல் உபசரித்தார். கேஷியருக்கு மட்டும் கேட்காமலே சர்க்கரை குறைத்த காபி வந்தது. அதை அவர் கவனித்தார். முகம் ஞாபகம் இல்லை என்ற ஆளுக்குச் சர்க்கரை எப்படி ஞாபகம் இருக்கிறது?

பில்லை மேனேஜர் கட்டினார். கட்டிவிட்டுச் சிரித்தார்.

"வள்ளல் உட்கார்ந்திருக்கும்போது டிப்ஸை நாம வெச்சா மரியாதையா இருக்காது."

ஏழு ஜோடிக் கண்கள் திரும்பின. கேஷியர் பர்ஸைத் திறந்தார். பத்து இருந்தது, இருபது இருந்தது. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நூறை உருவினார். புத்தம் புதுசு, சொந்தச் சம்பளத்தில் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அசல் நோட்டைத் தட்டுக்கு அடியில் வைத்தார். பழக்க தோஷம், கை தானாகவே அதை நாலாக மடித்துவிட்டது.

பென்சில்காரர் அதை எடுத்தார். நிதானமாகப் பிரித்தார். தலைக்கு மேலே தொங்கிய விளக்குக்கு நேராகப் பிடித்து, நீர்க்குறி இருக்கும் இடத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஐம்பதை எடுத்துக் கேஷியரின் உள்ளங்கையில் வைத்து, காதோரம் குனிந்தார்.

"இன்னிக்கு அம்மா பின்வாசல் பக்கம் வரலை சார், அவங்க பாதியை நீங்களே வீட்ல கொடுத்துடுங்க, நாளைக்கு எரிக்கறதுக்கு நோட்டு வேணும்னாங்க, காலையில அஞ்சு கொண்டு வர்றேன்."